குஞ்சுகளோடு திரியும் விராலைத் தூண்டிலில் பிடிப்பது சரியா?

ஏரிக்கரையான் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளில் இரண்டு ஆண்டுகளாகத் தூண்டில் போட்டு வருகிறேன். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிய பிறகு, கோரைக்கும் அல்லி இலைகளுக்கும் நடுவே செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் திரண்டு நீர்மட்டத்துக்கு வந்து வந்து போவதையும், அவற்றுக்குக் கீழே பெரிய விரால் நிற்பதையும் பார்க்கிறேன். தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை அந்தக் கூட்டத்தின் மேல் வீசினால் விரால் உடனே பாய்ந்து கவ்வுகிறது. சென்ற வாரம் அப்படி ஒன்றைப் பிடித்தபோது, கரையில் நின்ற பெரியவர் ஒருவர் அதை விட்டுவிடும்படி சொன்னார், நானும் விட்டுவிட்டேன். ஒரு மீனை விடுவதால் ஏரிக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

மடையோரம்:
பெரியவர் சொன்னது முழுக்கச் சரி. கெண்டை வகைகள் முட்டையிட்டதோடு விலகிவிடும், விரால் அப்படியன்று. செடிகளுக்கு நடுவே சிறு இடத்தைத் துப்புரவாக்கி முட்டையிடும். மிதக்கும் அந்த முட்டைகளையும், பொரித்த குஞ்சுகளையும் தாயும் தந்தையும் வாரக்கணக்கில் காவல் காக்கும். குஞ்சுகளின் செந்நிறம் மங்கிப் பழுப்பேறும்வரை அந்தக் காவல் தேவைப்படுகிறது. உங்கள் தவளையை அது கவ்வியது பசியால் அன்று, குஞ்சுகளிடமிருந்து விரட்டுவதற்காகத்தான். அதனால்தான் அந்த வேளையில் விராலைப் பிடிப்பது அத்தனை எளிதாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் அப்போது பிடிக்கவும் கூடாது. காவல் போய்விட்டால் ஜிலேபி மீனும் கெளுத்தியும் நீர்க்காகமும் தண்ணீர்ப்பாம்பும் அந்தக் கூட்டத்தைத் தின்று தீர்க்க அதிக நேரம் ஆகாது. நீங்கள் எடுப்பது ஒரு மீன், ஏரி இழப்பது ஒரு தலைமுறை.

விரால் வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. அதற்குச் செவுள் மட்டும் போதாது. காற்றை விழுங்க அவ்வப்போது மேலே வந்தே தீரும். விடியற்காலையில் பேசாமல் நின்று, செடி ஓரத்தில் நீர் எங்கே சளக்கென்று உடைகிறது என்று கவனியுங்கள். அங்கே குஞ்சுகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த இடத்துக்குச் சற்று அப்பால் வீசி மெதுவாக இழுத்து வாருங்கள். தவறிக் காவல் விரால் மாட்டிக்கொண்டால், கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி, பிடித்த இடத்திலேயே உடனே விடுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை (பின்னோக்கி நீளும் சிறு கூர்முனையை) முன்கூட்டியே குறட்டால் நசுக்கி வைத்தால் கழற்றுவது எளிது.

கண்மாய்க்காரன்:
ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஓர் ஐயம். எங்கள் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊரே இறங்கி ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளைக் கொண்டு அள்ளிவிடுகிறது. ஐப்பசியில் நாம் விட்ட விரால் பங்குனியில் எப்படியும் பிடிபடும் என்றால், விட்டதன் பொருள் என்ன?

மடையோரம்:
நியாயமான கேள்வி. காலம்தான் வேறுபாடு. கோடையில் அள்ளும்போது, மழைக்காலத்துக் குஞ்சுகள் காவலைவிட்டுப் பிரிந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். நீர் வற்றினால் பெரும்பாலான மீன் எப்படியும் மடியும். விராலோ ஈரச் சேற்றுக்குள் புதைந்து காற்றைச் சுவாசித்துக்கொண்டே அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்க வல்லது. அப்படித் தப்பியவைதான் நிரம்பிய கண்மாயில் மறுபடி குஞ்சு பொரிக்கின்றன. அவற்றையும் காவல் வேளையில் எடுத்துவிட்டால், திருவிழாவில் அள்ளுவதற்கு விரால் இருக்காது.

இன்னொன்று: ஏரி மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுவதே முறை. காவல் விராலைப் பற்றி அவரிடமும் சொல்லி வையுங்கள். அந்தக் குஞ்சுகள் வளர்வதில் முதல் ஆதாயம் அவருக்குத்தான்.

ஏரிக்கரையான்:
நன்றி ஐயா. அந்தக் கூட்டம் இன்று காலை அதே கோரைப் பக்கத்தில்தான் இருந்தது. விராலும் கீழே நின்றது. தூண்டிலை எடுக்காமல் சிறிது நேரம் பார்த்துவிட்டு, எதிர்க்கரைக்குப் போய்விட்டேன்.