அமெரிக்கப் பழமைவாதிகளுக்குச் செய்தியில் கிடைத்த இடம் திரைக்கதையில் ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி: இளம்பரிதி

அமெரிக்க அரசியலைத் தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற முறையில், நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். தேர்தல்களில் வெல்லவும், உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை பெறவும், மாநிலச் சட்டமன்றங்களைக் கைப்பற்றவும் தெரிந்த அந்நாட்டுப் பழமைவாதிகள், ஹாலிவுட்டும் தொலைக்காட்சித் தொடர்களும் இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிகளும் தங்களுக்கு எதிராகவே இருக்கின்றன என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக முறையிட்டு வருகிறார்கள். 1969 நவம்பரில் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ டெ மாய்ன் நகரில் ஆற்றிய உரையில், நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் வாழும் ஒரு சிறு குழுவே நாடு முழுவதும் பார்க்கும் செய்தியைத் தீர்மானிக்கிறது என்று குற்றம் சாட்டினார். இன்றைய மேடைகளிலும் அதே குற்றச்சாட்டு ஏறக்குறைய அதே வடிவில் ஒலிக்கிறது.

குடும்பம், இறைநம்பிக்கை, சொந்த ஊர்ப்பற்று ஆகியவற்றுக்கு அவர்கள் தரும் மதிப்பில் எனக்கும் பெருமளவு உடன்பாடு உண்டு. ஆகவே எதிர்ப்புணர்வோடு இதைக் கேட்கவில்லை. ஊடகத்திலும் வெகுஜனப் பண்பாட்டிலும் அவர்கள் செல்வாக்குப் பெற உண்மையில் எந்த வழிகள் பயன்பட்டன? எவை வீணாயின? இனி எந்த வழி இருக்கிறது? விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

மறுமொழி: நெய்தலூரான்

இளம்பரிதி அவர்களுக்கு வணக்கம். அந்த முறையீடு முழுப் பொய்யன்று. ஆனால் முறையிட்டதனால் அவர்களுக்கு ஓர் அங்குல இடமும் கிடைத்ததில்லை என்பதே என் கருத்து. கிடைத்த இடங்கள் அனைத்தும், கேட்பவரிடமும் பார்ப்பவரிடமும் போய்ச் சேரும் வழியை யாரோ சிலர் பொறுமையாகக் கட்டியெழுப்பியதால் கிடைத்தவை.

வானொலியையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்ச்சைக்குரிய பொருள்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று 1949 முதல் நடைமுறையில் இருந்த நியாயக் கோட்பாட்டை மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 1987இல் கைவிட்டது. பலரும் இதைச் சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விதி விலகியதால் தடை நீங்கியது, அவ்வளவுதான். இசை கேட்டவர்கள் ஒலித் தெளிவு மிகுந்த பண்பலைக்குப் போய்விட, ஏ.எம். நிலையங்கள் நாள் முழுவதையும் எதைக் கொண்டு நிரப்புவது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்த காலம் அது. 1988 ஆகஸ்டில் பழமைவாத அரசியல் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடளாவிய அளவில் தொடங்கியபோது, நிலையங்களிடம் பணம் வாங்காமல் நிகழ்ச்சியைக் கொடுத்து, அதற்கு ஈடாக விளம்பர நேரத்தில் ஒரு பகுதியைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். வருமானம் தேய்ந்துகொண்டிருந்த ஒரு சிற்றூர் நிலையத்தின் மேலாளருக்கு, நண்பகலில் மூன்று மணி நேரம் செலவின்றி நிரம்புகிறது என்றால் மறுப்பதற்குக் காரணமே இல்லை. அவர் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர் என்பது அங்கே பொருட்டாகவில்லை.

லிம்பா அதற்கு முன் பாட்டுப் போடும் அறிவிப்பாளராகப் பல ஆண்டுகள் பழகியவர். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது குரலை மாற்ற வேண்டும், எந்த இடத்தில் ஒரு கேலிப் பாட்டைச் செருக வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. அவருடைய பேச்சில் இருந்த வன்மத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை, ஆயினும் அந்தத் தொழில் திறனை மறுக்க முடியாது. தாராளவாதிகள் 2004இல் தொடங்கிய ஏர் அமெரிக்கா வானொலி, பணமும் புகழ்பெற்ற பெயர்களும் இருந்தும் 2010இல் மூடப்பட்டதை இதனோடு வைத்துப் பாருங்கள்.

தொலைக்காட்சியிலும் இதே பாடம்தான். மதுபான அதிபர் ஜோசப் கூர்ஸ் பணம் போட்டு 1973இல் தொடங்கிய டி.வி.என். என்ற செய்திச் சேவை இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது. உள்ளூர் நிலையங்களுக்குச் செய்திப் படங்களை அனுப்பும் செலவு அதிகம், வாங்குவோர் குறைவு. அங்கே செய்திப் பொறுப்பில் இருந்த ரோஜர் எய்ல்ஸ்தான் பின்னர் ரூபர்ட் மர்டாக்குடன் சேர்ந்து 1996 அக்டோபரில் பழமைவாதச் சார்புள்ள ஃபாக்ஸ் நியூஸ் அலைவரிசையைத் தொடங்கினார். வழக்கமாகக் கேபிள் நிறுவனங்கள்தாம் அலைவரிசைகளுக்குப் பணம் தரும். மர்டாக் அதைத் தலைகீழாக்கி, சந்தாதாரர் ஒருவருக்குச் சுமார் 10 டாலர் வீதம் தாமே கொடுத்து வீடுகளுக்குள் நுழைந்தார். தொடக்கத்தில் சுமார் 1.7 கோடி வீடுகளை எட்டிய அந்த அலைவரிசை, 2002 தொடக்கத்தில் பார்வையாளர் எண்ணிக்கையில் சி.என்.என்.னை முந்தியது. இழப்பைத் தாங்கும் முதலாளியும் தொலைக்காட்சியின் நுட்பம் அறிந்த ஒருவரும் சேர்ந்ததன் விளைவு இது.

மறுமொழி: பூங்குழலி

நெய்தலூரான் சொன்ன விநியோகக் கணக்கு திரைப்படத்துக்கும் பொருந்துகிறது என்றாலும், ஓர் எல்லை வரைதான் பொருந்துகிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

2004இல் மெல் கிப்சன், சுமார் 3 கோடி டாலர் தம் பக்கத்திலிருந்தே செலவழித்து, அரமேயம், எபிரேயம், இலத்தீன் ஆகிய மொழிகளில் இயேசுவின் இறுதி நேரத்தைச் சொல்லும் 'தி பேஷன் ஆஃப் த கிரைஸ்ட்' படத்தை எடுத்தார். பெரிய ஸ்டூடியோக்கள் எதுவும் வெளியிடவில்லை. யூதர்களைக் காட்டிய விதம் குறித்துக் கடுமையான, நியாயமான எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் போதகர்களுக்கு முன்கூட்டியே திரையிட்டுக் காட்டி, தேவாலயங்கள் மொத்தமாக நுழைவுச்சீட்டு வாங்கும்படி செய்ததால், உலகளவில் 60 கோடி டாலருக்கும் மேல் வசூலானது. 2023 ஜூலையில் வெளிவந்த 'சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம்' இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஃபாக்ஸ் ஸ்டூடியோவை டிஸ்னி வாங்கியபின் கிடப்பில் கிடந்த படம் அது. ஏஞ்சல் ஸ்டூடியோஸ் என்ற வெளியீட்டு நிறுவனம் அதை எடுத்து, படம் பார்த்தவர்களே முகம் தெரியாத வேறொருவருக்காகச் சீட்டு வாங்கித் தரலாம் என்ற ஏற்பாட்டோடு வெளியிட, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 18 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஞாயிறுதோறும் ஒன்றுகூடும் மக்கள் இருக்கும்போது, திரையரங்கை நிரப்ப ஹாலிவுட்டின் தயவு தேவையில்லை என்று இவை காட்டிவிட்டன.

ஆனால் இந்த வழியில் பெரும்பாலும் வருபவர்கள் ஏற்கெனவே நம்பிக்கை கொண்டவர்கள். செல்வாக்கு என்று இளம்பரிதி கேட்பது, மாற்றுக் கருத்துடையவர் தம்மையறியாமல் ஒரு வாழ்க்கையின் மேல் மதிப்புக் கொள்வதைத்தானே? அதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த சான்று, பழமைவாத நிறுவனம் எதுவும் எடுக்காத ஒரு தொடர். 2018இல் தொடங்கிய 'யெல்லோஸ்டோன்', மொன்டானாவில் தலைமுறைகளாகக் கால்நடை வளர்க்கும் ஒரு குடும்பம், நிலத்தை வாங்க வரும் கட்டுமான முதலாளிகளோடும் அந்த நிலத்தில் தங்களுக்கே முந்தைய உரிமை என்னும் பூர்வகுடியினரோடும் மோதுவதைச் சொல்கிறது. நிலம், தந்தை சொல், பரம்பரைக் கடன் என்று பழமைவாதிகள் போற்றும் எல்லாமே அதில் உண்டு. அந்தக் குடும்பம் செய்யும் கொலைகளும் கொடுமைகளும் மறைக்கப்படவில்லை, பூர்வகுடித் தலைவரின் வாதத்துக்கும் வலிமை தரப்பட்டிருக்கிறது. அதை உருவாக்கிய டெய்லர் ஷெரிடன், கட்சி முத்திரை எதையும் தம் தொடர்மீது குத்துவதை ஏற்பதில்லை. அவர் டெக்சாஸில் பண்ணை வாழ்க்கையை நேரில் அறிந்து வளர்ந்தவர். எதையும் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லாததால்தான், அந்த வாழ்க்கையைக் கண்டிராத நகரத்துப் பார்வையாளரும் அதில் ஒன்றிப்போகிறார் என்று உறுதியாக நம்புகிறேன்.

இளம்பரிதி (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் நன்றி. அப்படியானால், கருத்துக்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனங்களால் கதை சொல்ல முடியாதா? பென் ஷபிரோவும் ஜெரமி போரிங்கும் 2015இல் தொடங்கிய டெய்லி வயர் என்ற பழமைவாத ஊடக நிறுவனம், குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளுக்கு 10 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்து, டிஸ்னியின் நூறாவது ஆண்டு நிறைவு நாளான 2023 அக்டோபர் 16 அன்றே தன் சிறுவர் தளத்தைத் திறந்தது. அதை எப்படி மதிப்பிடுகிறீர்கள்? மேலும், எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபின் நிலைமையே மாறிவிட்டது என்று சொல்பவர்களுக்கு உங்கள் பதில் என்ன?

மறுமொழி: அறவாழி

தொடக்க நாளையே எதிராளியின் பிறந்தநாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் விடை இருக்கிறது. ஒரு குழந்தைக்கு டிஸ்னியோடு பகை கிடையாது. அதற்கு வேண்டியது அடுத்த பகுதி எப்போது வரும் என்ற ஆவல்தான். பெற்றோரின் கோபத்தை நம்பி வாங்கப்படும் சந்தா, பிள்ளையின் விருப்பத்தால் தாங்கப்படாவிட்டால் நீடிக்காது.

ட்விட்டர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலர் கொடுத்து ஒரு தளத்தை வாங்கியது, எது பரவும் எது பரவாது என்பதில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் 2024 தேர்தலில் அதைவிட ஆழமாக வேலை செய்தது வேறொன்று என்று கருதுகிறேன். ஜோ ரோகனைப் போன்றவர்களின் இணைய ஒலிநிகழ்ச்சிகளை (பாட்காஸ்ட்) கேட்கும் இளைஞர்கள் அரசியலுக்காக அங்கே போனவர்கள் அல்லர். சண்டைப் போட்டிகளுக்காகவும் நகைச்சுவைக்காகவும் போனவர்கள். அங்கே அக்டோபர் இறுதியில் டிரம்ப் ஏறத்தாழ மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசினார். ஏற்கெனவே நட்பாகப் பழகிய ஓர் இடத்தில் விருந்தினராக நுழைந்தது, கட்சிக்கென்று ஒரு தளம் கட்டுவதைவிடப் பயன் தந்தது.

இங்கே யாரும் தொடாத இரண்டு ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, உண்மையை விட்டுக்கொடுப்பது. 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்களில் மோசடி நடந்ததாகப் பரப்பப்பட்ட பொய்களுக்கு இடம் கொடுத்த வழக்கில், ஃபாக்ஸ் 2023 ஏப்ரலில் வாக்கு இயந்திரம் தயாரிக்கும் டொமினியன் நிறுவனத்துக்கு 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அவ்வழக்கில் வெளிவந்த உள் செய்திகளைப் படித்தால், நேயர்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சம் உள்ளே எவ்வளவு ஆட்டிப்படைத்தது என்று தெரியும். நேயர்களை வழிநடத்த வந்த நிறுவனம் நேயர்களுக்கே பயந்து நடுங்கினால், அதைச் செல்வாக்கு என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, அரசின் கையைப் பயன்படுத்துவது. 2025 ஜூலையில், சி.பி.எஸ். தொலைக்காட்சியின் உரிமையாளரான பாரமவுண்ட் நிறுவனம், அதன் நேர்காணல் ஒன்றுக்காக டிரம்ப் தொடுத்த வழக்கை முடிக்க 1.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதே மாதத்தில் ஸ்கைடான்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனத்துடனான இணைப்புக்கு, கருத்துப் பன்மை பற்றிய உறுதிமொழிகளின் பேரில், மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் கிடைத்தது. இதை வெற்றியாகக் கொண்டாடும் பழமைவாத நண்பர்களிடம் நான் கவலையோடு கேட்பது ஒன்றுதான்: அரசின் அதிகாரம் சிறிதாக இருக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வாதாடியவர்கள், இதே அதிகாரம் நாளை மறுதரப்பின் கைக்குப் போகும்போது எந்த முகத்தோடு எதிர்ப்பார்கள்?

இன்னொன்று. 2023 ஆகஸ்டில் ஆலிவர் ஆன்தனி என்ற, அதுவரை யாருமறியாத ஒரு பாடகரின் பாட்டு பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. கூலி குறைந்து வரி மிகுந்து வாடும் உழைப்பாளியின் குமுறல் அது. குடியரசுக் கட்சியின் முதல் வேட்பாளர் விவாதத்தின் முதல் கேள்வியே அந்தப் பாட்டைப் பற்றியதாக அமைந்தது. மேடையில் நின்றவர்களைப் போன்றோரைப் பற்றித்தான் அந்தப் பாட்டை எழுதினேன் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மக்களின் வலியிலிருந்து பிறந்த கலையை எந்தக் கட்சியும் தனக்கென்று பட்டா போட்டுக்கொள்ள முடியாது.

மறுமொழி: நெய்தலூரான்

அறவாழி அவர்களின் இரண்டாவது எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். இளம்பரிதியின் கடைசிக் கேள்விக்கு, அதாவது இனி என்ன வழி என்பதற்கு, ஒன்றைச் சேர்க்கிறேன்.

நீதித்துறையில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1982இல் பழமைவாதச் சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் தொடங்கிய ஃபெடரலிஸ்ட் சொசைட்டி, இளைஞர்களைக் கண்டறிந்து, விவாத மேடைகள் அமைத்து, எதிர்க்கருத்துடைய பேராசிரியர்களையும் அழைத்துப் பேசவைத்து, பல பத்தாண்டுகள் காத்திருந்தது. இன்றைய உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை அந்தக் காத்திருப்பில் விளைந்தது. திரைத்துறையிலோ, நடிகர் கேரி சினிஸ் முன்னின்று 2004இல் உருவாக்கிய ஃபிரண்ட்ஸ் ஆஃப் ஏப் என்ற பழமைவாதக் கலைஞர்களின் குழு, வேலை வாய்ப்புப் பறிபோகும் என்ற அச்சத்தால் உறுப்பினர் பெயர்களைக்கூட வெளியிடாமல் இயங்கி 2016இல் கலைந்தது. அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நன்கொடையாளர்களின் பணம் ஆய்வு நிறுவனங்களுக்கும் தேர்தல் விளம்பரங்களுக்கும் போன அளவில் ஒரு சிறு பங்குகூட, லாஸ் ஏஞ்சலிஸில் வாடகை கொடுக்க முடியாமல் எழுத்தாளர் அறையில் உதவியாளராகக் காலம் தள்ளும் இருபத்தைந்து வயது இளைஞருக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு தொடரை எழுதும் தகுதி அவருக்கு வருவதற்குள் பத்து ஆண்டுகள் ஓடிவிடும். அந்தப் பத்து ஆண்டும் அவரிடம் பிரசாரம் எதையும் கேட்காமல் துணை நிற்கும் நன்கொடையாளர்கள் வேண்டும்.

பழமைவாத எழுத்தாளர் வில்லியம் பக்லி 1966 முதல் 1999 வரை நடத்திய 'ஃபயரிங் லைன்' விவாத நிகழ்ச்சியின் பெரும்பகுதி, பழமைவாதிகள் இன்றும் குறைகூறும் பொதுத் தொலைக்காட்சியில்தான் ஒளிபரப்பானது. தம்மை வெறுத்தவர்களையும் எதிரே உட்காரவைத்து, அவர்கள் பேசி முடிக்கும் வரை கேட்டார். அந்தப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, இளம்பரிதி. நேரமிருக்கும்போது இரண்டொன்றைப் பாருங்கள். பார்த்துவிட்டு இன்றைய நிகழ்ச்சி ஒன்றோடு ஒப்பிட்டு இங்கே எழுதினால், அதிலிருந்து மேலே பேசலாம்.