அரிப்பு அடங்கினாலும் கை அடங்காது: நாள்பட்ட கரப்பானில் பழக்கமாற்றுப் பயிற்சி

உளவியல் ஆலோசகர் (தோல் பிரிவு)

நாள்பட்ட கரப்பானோடு (எக்ஸிமா) வருகிறவரிடம் "இப்ப அரிக்குதா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்பார். அப்படிச் சொல்லும்போதே வலது கை இடது முழங்கை மடிப்பில் இருக்கும், நான்கு விரலும் மேலும் கீழும் போய்வரும். அவருக்கே தெரியாது. கை கிளம்புவதைக் கவனித்து, சொறிவதற்குப் பதில் வேறொன்றைச் செய்யப் பழகும் பழக்கமாற்றுப் பயிற்சி இவருக்கானது.

புதிதாகக் கிளம்பிய கரப்பானில் அரிப்பு வந்த பிறகுதான் கை போகும். வருஷக்கணக்கானால் அரிப்புக்குக் காத்திருக்காமலே போகிறது: சட்டையைக் கழற்றும்போது, கழிப்பறையில், போன் பார்க்கும்போது, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய அடுத்த நிமிடம். அந்தச் சொறிதலில் தோல் தடிக்கிறது, தடித்த தோல் மறுபடி அரிக்கிறது. களிம்பு மட்டும் போட்டு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்குப் பாதி விடை இதுதான்.

கண் சிமிட்டல், தோள் குலுக்கல், நகம் கடித்தல் போன்றவற்றுக்காக அமெரிக்காவில் அஸ்ரின், நன் இருவரும் 1973-இல் வெளியிட்ட முறை இது. கரப்பானுக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு மட்டும் போட்டவர்களையும், அதோடு பயிற்சியும் எடுத்தவர்களையும் ஒப்பிட்டு 1986-இல் வெளியிட்டார்கள். பயிற்சி எடுத்தவர்கள் சொறிவது கூடுதலாகக் குறைந்தது, தோலும் கூடுதலாகத் தேறியது. பிறகு லண்டன் செல்சி அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் மனநல மருத்துவர் கிறிஸ்டோஃபர் பிரிட்ஜெட்டும் சகாக்களும் ஈரப்பசைக் களிம்பு, ஸ்டீராய்டு, பழக்கமாற்று மூன்றையும் ஒரே சிகிச்சையாகக் கட்டினார்கள்.

முதல் வாரம் எண்ணுவது மட்டும்தான். கையடக்கக் கவுண்டர் ஒன்று போதும். பூஜை சாமான் கடையில் ஜபத்துக்கு விரலில் மாட்டும் மோதிரக் கவுண்டர் கிடைக்கும், அதுவே தோது. கை தோலுக்குப் போனால் ஒரு அழுத்து. நகத்தால் சொறிந்தால்தான் கணக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தேய்ப்பது, கிள்ளுவது, பொருக்கைப் பிய்ப்பது, குதிகாலால் மறு காலை உரசுவது, முதுகைக் கதவு நிலையில் தேய்ப்பது எல்லாம் ஒவ்வொரு அழுத்து. ராத்திரி படுக்கும் முன், அன்றைக்கு மொத்தம் எத்தனை என்று நோட்டில் ஒரு வரி, எங்கே எப்போது அதிகம் என்று இன்னொரு வரி. நாளுக்குச் சில நூறு வந்தால் அதிர வேண்டாம். முதல் நாளைவிட மூன்றாம் நாள் எண்ணிக்கை கூடினாலும் பயப்பட வேண்டாம். அதுவரை தெரியாமல் போனது இப்போது தெரிகிறது, அவ்வளவுதான்.

இதைக் கற்றுக்கொடுக்கிறவர்கள், எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

தோல் பிரிவு செவிலியர்

சார் சொன்ன முதல் வாரத்தைத் தாண்டினதும் மாற்றுச் செயல். கை சொறியப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே ரெண்டு கையையும் முஷ்டியா இறுக்கி, மனசுக்குள்ள 30 வரைக்கும் நிதானமா எண்ணணும். அதுக்கப்புறமும் அரிச்சா, அந்த இடத்துல நகத்தை அழுத்திப் பிடிக்கணும், இல்லைன்னா லேசாக் கிள்ளணும். அழுத்தலாம், இழுக்கக் கூடாது. நகம் நகர்ந்தா அது சொறிதல்தான்.

தப்பு நடக்கிறது 30 எண்ணுற இடத்துல. பத்துலயே விட்டுடுவாங்க. இன்னும் சிலர், சொறிஞ்சு முடிச்சுட்டுப் பரிகாரம் மாதிரி முஷ்டி மடக்குவாங்க. சொறிஞ்சதும் வர்ற சுகம் கையில ஏறின பிறகு என்ன மடக்கி என்ன? கை கிளம்பும்போதே மடக்கணும். அதுக்குத்தான் முதல்ல ஒரு வாரம் எண்ணச் சொல்றது. எண்ணாம நேரா முஷ்டிக்கு வந்தவங்களுக்குக் கை கிளம்புறதே தெரியாது.

களிம்பு பக்கம்: தோல் மருத்துவர் எழுதின ஸ்டீராய்டை விரல்நுனிக் கணக்குல போடணும். 5 மில்லிமீட்டர் வாய் உள்ள ட்யூப்ல இருந்து ஆள்காட்டி விரலோட கடைசி மடிப்புல தொடங்கி நுனி வரைக்கும் பிதுக்கினா சுமார் அரை கிராம். விரலோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். ஸ்டீராய்டுன்னு பயந்து பொட்டு மாதிரி வைக்கிறவங்கதான் மாசக்கணக்கா இழுத்தடிக்கிறாங்க. ஈரப்பசைக் களிம்பு தாராளமா வேணும். உடம்பு முழுக்க வறட்சின்னா பெரியவங்களுக்கு வாரத்துக்கு கால் கிலோவுல இருந்து அரை கிலோ வரைக்கும் போகும். முடி வளர்ற திசையில தடவணும், எதிர்த்துத் தேய்ச்சா முடிக்காலுல கொப்புளம் வரும். ஸ்டீராய்டுக்கும் ஈரப்பசைக் களிம்புக்கும் நடுவுல கால் மணி நேரமாவது விடுங்க. பாரஃபின் உள்ள களிம்பு ஊறின துணி சட்டுன்னு தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கமும் விளக்குப் பக்கமும் ஜாக்கிரதை.

இன்னொண்ணு. தோல் பார்க்க நல்லாயிருச்சுன்னு நாலாம் நாளே ட்யூபை மூடிடுவாங்க. கண்ணுக்குத் தெரியாத வீக்கம் உள்ளே இன்னும் சில வாரம் இருக்கும். எப்போ குறைக்கிறது, எப்போ நிறுத்துறதுன்னு டாக்டர் சொல்லணும், கண்ணாடி சொல்லக் கூடாது.

மருந்தாளுநர்

நர்ஸம்மா சொன்னதற்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. இது கரப்பான்தானா?

ராத்திரியில் கூடுகிறது, வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிகிறார்கள், விரல் இடுக்கில் சின்னச் சின்னப் பருக்கள் என்றால் சிரங்கு. சிரங்குப் பூச்சியைக் கொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை மருத்துவர் சொன்னபடி வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் கழுத்துக்குக் கீழே பூசி, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. முஷ்டி மடக்கினால் சிரங்குப் பூச்சி சாகாது. வட்டமாக, ஓரம் சிவந்து நடுவில் தெளிந்திருந்தால் படர்தாமரை. அதற்கு ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ட்யூபைச் சீட்டில்லாமல் வாங்கிப் பூசுவதுதான் நம் ஊரின் பெரிய தொல்லை. அரிப்பு அடங்கும், ஓரம் மறையும், பூஞ்சை உள்ளே பரவும். தோலில் ஒன்றுமே இல்லாமல் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து என்று ரத்தப் பரிசோதனை முதலில்.

திடீரென்று ஒரே மாதிரிக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, உடைந்து, துளைத்தது போல் புண்ணாகி, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சிறப்புக் கல்வி ஆசிரியை

குழந்தைகள் விஷயம் வேற. சின்னப் பிள்ளைக்குக் கவுண்டர் கொடுத்தா விளையாட்டுச் சாமான்தான். அங்கே பழக வேண்டியது அப்பா அம்மாதான். "சொறியாதே" என்ற சொல்லை வீட்டை விட்டே துரத்தணும். பிள்ளை சொறிந்த நொடியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால், சொறிதல் அழைப்பு மணியாகிவிடும். பேசாமல் கையில் வேலை கொடுங்கள்: பூரி மாவு உருண்டை, வெண்டைக்காய் ஒடிப்பது, எதுவானாலும். பாராட்டு, சொறியாமல் இருந்த நேரத்துக்கு. ஏழெட்டு வயசுக்கு மேலே முஷ்டி முறையை விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். பள்ளியில் மேசைக்கு அடியில் மடக்கினால் பக்கத்துப் பையனுக்குக்கூடத் தெரியாது.

டிவி முன்னால் தனியாக உட்காரவைப்பதுதான் ரொம்ப மோசம். கண்ணுக்கு வேலை, கைக்கு வேலையில்லை.

உளவியல் ஆலோசகர் (தோல் பிரிவு)

மேடம் சொன்ன டிவி பெரியவர்களுக்கும் பொருந்தும். நோட்டில் எழுதின "எங்கே, எப்போது" பக்கம் இங்கேதான் உதவும். போன் பார்க்கும்போது அதிகம் என்றால் போனை இரண்டு கையாலும் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். கழிப்பறையில் அதிகம் என்றால் உள்ளே போகும்போதே முஷ்டி. உடை மாற்றும் நேரம் என்றால் மாற்றுத்துணியை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு சட்டென்று மாற்றுவது. எல்லா இடத்தையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்த்தால் எதுவும் நிற்காது, அதிகம் வரும் இரண்டு இடம் முதலில்.

இரவு பற்றித்தான் நிறையப் பேர் கேட்பார்கள், "தூக்கத்தில எப்படி சார் மடக்குறது?" முடியாது. பகலில் கை மறந்தால் இரவிலும் மெல்லக் குறையும், பகலைவிடத் தாமதமாக. அதுவரை நகத்தை ஒட்ட வெட்டி அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். பருத்தி முழுக்கை, போர்வைக்கு வெளியே கை. களிம்பு வேலையைப் படுக்கைக்கு அரை மணி முன்பே முடித்துவிடுங்கள். படுக்கையில் உட்கார்ந்து தடவினால் தடவுவதே தேய்ப்பாக மாறிவிடும். நடுவில் விழித்து ஐந்து நிமிடத்துக்கு மேல் கை அடங்கவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்குப் போவது நல்லது.

மொத்தம் நான்கு முதல் ஆறு வாரம், வாரம் ஒரு சந்திப்பு. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் எண்ணிக்கை மளமளவென்று இறங்கும், அங்கேதான் கவுண்டரை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள். நாளுக்கு ஒற்றை இலக்கத்துக்கு வந்து இரண்டு வாரம் அப்படியே நின்ற பிறகு போடுங்கள். பரீட்சை, வேலை நெருக்கடி, வேர்க்கிற சித்திரை வெயில் என்று ஏதாவது வந்து கை மறுபடி கிளம்பினால், அதே நாள் எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். பேட்டரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.