சிறிய குடியிருப்பின் நுழைவழிகளை அடைத்துவிடலாமா?

கேள்வி:
எங்கள் குடியிருப்பு மிகச் சிறியது. பள்ளி, சந்தை, மருத்துவமனை எல்லாம் சுற்றியுள்ள குடியிருப்புகளில்தான் இருக்கின்றன. அவற்றுக்கிடையே செல்லும் வண்டிகள் எங்கள் தெருக்களில் புகுந்து வேகமாகப் போவதால், எல்லா நுழைவழிகளிலும் கதவு போட வேண்டும் என்று நலச்சங்கத்தில் பலர் வற்புறுத்துகிறார்கள். குழந்தைகள் தெருவில் இறங்கவே அஞ்சுகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் அக்கம்பக்கத்தாரோடு உள்ள போக்குவரத்து அற்றுப்போகுமே என்று கவலையாக இருக்கிறது. இதை எப்படி முடிவு செய்வது?

மறுமொழி 1:
வண்டிகளைக் குறைக்க நினைப்பதில் தவறில்லை. நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்தபோது, நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் சென்ற தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். சுமார் 16,000 வண்டிகள் சென்ற தெருவிலோ ஒருவருக்கு அத்தெருவில் சராசரியாக ஒரு நண்பர்கூட முழுதாக இல்லை.

மறுமொழி 2:
குடியிருப்புத் திட்டமிடலில் அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் முன்வைத்த கருத்து இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: நடுவில் தொடக்கப்பள்ளி, வீடுகளிலிருந்து நடந்துபோகும் தொலைவு, பெரிய சாலைகள் எல்லையோடு நின்றுவிடும் அமைப்பு. கதவு கேட்பவர்கள் இதில் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே பெர்ரி, கடைகளைக் குடியிருப்பின் நடுவில் வைக்காமல், பக்கத்துக் குடியிருப்புகளின் கடைகளை ஒட்டி எல்லை முனைகளில் வைத்தார். அதாவது, அவர் வரைந்த எல்லை இரு பக்கத்து மக்களும் வந்து கூடும் இடமாகவும் இருந்தது. உங்களைப் போலப் பள்ளியும் சந்தையும் வெளியே உள்ள குடியிருப்புக்கு, எல்லையை மூடுவது அன்றாட வாழ்க்கையையே சுற்றுவழியில் அனுப்புவதாகும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 3:
ஆள் நடமாட்டம் நின்றுபோகும் எல்லையோரங்கள் பாழடைந்து பாதுகாப்பற்றவையாகிவிடும் என்று நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே எச்சரித்தார். எனவே கதவுக்குப் பதிலாக, நடப்பவர்களும் மிதிவண்டிகளும் தாராளமாகப் போக இடைவெளி விட்டு, கார்களை மட்டும் தடுக்கும் கம்பங்களை நடலாம். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வரும்போது கழற்றக்கூடியவையாக அவை இருக்க வேண்டும். பொதுத் தெருவென்றால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியின்றி எதையும் நடக் கூடாது. இங்கே தடுக்கப்படும் வண்டிகள் பக்கத்துத் தெருக்களுக்குத்தான் திரும்பும் என்பதால், முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அந்தத் தெருக்காரர்களையும் அழையுங்கள். முதலில் சில வாரங்களுக்குத் தற்காலிகத் தடுப்பு வைத்து, இரு பக்கத்திலும் காலை மாலை வண்டிகளை எண்ணிப் பாருங்கள்.