வெளிநாட்டில் பழைய நண்பர்களைப் பார்க்க குடும்பத்தோடு கார் பயணம்: என்ன கவனிக்க வேண்டும்?

கேள்வி:
கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் வெளிநாட்டில் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். விடுமுறையில் மனைவி, பிள்ளைகளோடு போய், வாடகைக் கார் எடுத்து எல்லோரையும் பார்த்துவிட ஆசை. சின்னவளுக்கு நான்கு வயது. எப்படித் திட்டமிடலாம்?

பதில் 1:
முதலில் உரிமம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன்பே உங்கள் நாட்டில் வாங்கிவிடுங்கள், அது மட்டும் தனியாகச் செல்லாது, சொந்த உரிமமும் கையில் இருக்க வேண்டும். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தருவது ஓராண்டுதான் செல்லும். 1968 வியன்னா ஒப்பந்தப்படி என்றால் மூன்றாண்டு வரை. போகிற நாடு எதை ஏற்கிறது என்று பாருங்கள். எல்லை தாண்டி இன்னொரு நாட்டுக்கும் ஓட்டுவதாக இருந்தால் கார் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் காப்பீடு கிடைக்காமல் போகலாம்.

பதில் 2:
ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு இரவாவது தங்குங்கள். முதல் நாள் சாயங்காலம் பெட்டி இறக்குவது, பிள்ளைகளைத் தூங்க வைப்பது என்றே போய்விடும். பழைய கதையெல்லாம் மறுநாள் காலை காபியோடுதான் வெளியே வரும். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறீர்கள்? மூன்று வீட்டுக்கு நேரம் போதாதென்றால் இரண்டோடு நிறுத்திக்கொண்டு, மூன்றாமவரை அங்கேயே வரச் சொல்லுங்கள். அப்புறம், குழந்தை இருக்கையைக் கார் முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள்.

பதில் 3:
விமானம் இறங்கிய அன்றே நெடுந்தூரம் ஓட்டாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் சாலையின் எந்தப் பக்கம் என்பதே குழம்பும். மனைவிக்கும் ஓட்டத் தெரிந்தால் கார் வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயரையும் சேருங்கள்.