கால்நடை மருத்துவம் படிக்க விண்ணப்பம்: வழிகாட்ட முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் தங்கை எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) மூன்றாம் பருவத்தில் இருக்கிறாள். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முதல் ஆள் அவள்தான், அதனால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லை.

செர்டாங் யு.பி.எம்., கிளந்தான் யு.எம்.கே. ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் 5 ஆண்டுப் படிப்பு, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது வரை தெரிந்துகொண்டோம். எனக்கு நேர்முகத் தேர்வுதான் கவலை. அவளுக்கு மாடும் ஆடும் நன்றாகத் தெரியும். அப்பாவின் மாடுகளுக்குக் கோமாரி வந்தபோது, நோய் கண்டதைத் தனியாகக் கட்டி, வாய்ப்புண்ணையும் குளம்பையும் கழுவி மருந்து போட்டவள் அவள்தான். ஆனால் நாய், பூனை பார்க்கும் கிளினிக் ஒன்றில்கூட இருந்து பார்த்ததில்லை. தோட்டத்து அனுபவத்தை மதிப்பார்களா? அல்லது பரீட்சை முடிந்ததும் ஈப்போவில் ஏதாவது கிளினிக்கில் சில வாரம் உதவிக்குப் போகச் சொல்லட்டுமா? எப்படிக் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள்?

அப்புறம், யு.பி.யு. பட்டியலில் இதை முதலில் போட்டுவிட்டு, அடுத்தடுத்து எந்தப் படிப்புகளைப் போடுவது நல்லது? செலவுக்கு அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் போதுமா?

இந்தப் படிப்பில் இருக்கும் அண்ணன், அக்கா யாராவது இருந்தால், தங்கையிடமே ஒரு பத்து நிமிடம் பேசினால் பெரிய உதவியாக இருக்கும்.