பத்து கவான் உறுப்பினரின் நாடாளுமன்ற உரைகளைத் தொகுப்பது எப்படி? (2013–2022)

சிம்பாங் அம்பாட் வாசகர்:

வணக்கம். பினாங்கில் வரும் ஒரு தமிழ்ச் சிற்றிதழுக்குக் கட்டுரை தயாராகிறது. பத்து கவான் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் கஸ்தூரி பட்டு 2013 முதல் 2022 வரை வட்டாரப் பொருளாதாரம் பற்றி மக்களவையில் என்ன பேசினார் என்று தொகுக்க வேண்டும். இரண்டாவது பாலம், டோல், தொழிற்பேட்டை, தமிழ்ப்பள்ளி மானியம் ஆகியவைதான் தலைப்புகள். நாளிதழ் நறுக்குகளில் பாதி, செய்தியாளர் சந்திப்பில் சொன்னவை. அவையில் சொன்னது ஹன்சார்டில் (அவைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவில்) தானே இருக்கும்? ஆனால் அங்கே பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே பிழை? மொத்தம் எத்தனை முறை பேசினார் என்று கணக்கெடுக்கவும் வழி உண்டா?

ஹன்சார்ட் புழு:

பெயரால் தேடாதீர்கள், தொகுதியால் தேடுங்கள். ஹன்சார்டில் அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயர்தான் அச்சாகும். கஸ்தூரிராணி, பிறகு அனாக் பெரெம்புவான் (மகள்) என்பதன் சுருக்கக் குறி, அதன் பிறகு பட்டு. ‘கஸ்தூரி பட்டு’ என்று இரண்டு சொல்லையும் சேர்த்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஜெலுத்தோங் தொகுதி உறுப்பினர் ராயரைத் தேடுகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே அவர் சானிஸ்வரா நேதாஜி ராயர்.

ஒருவர் பேச எழும்போது அவர் பெயருக்குப் பின் தொகுதியின் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் வரும். ஆகவே அடைப்புக்குறியோடு சேர்த்து [பத்து கவான்] என்று, ஹன்சார்டில் உள்ள மலாய் எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். அவர் வாய் திறந்த இடமெல்லாம் வந்துவிடும். அடைப்புக்குறியை விட்டுவிட்டு ‘யாங் பெர்ஹோர்மாட் பத்து கவான்’ (மாண்புமிகு பத்து கவான்) என்று தேடினால், அமைச்சரும் மற்ற உறுப்பினர்களும் அவரைப் பற்றி, அவருக்குப் பதிலாகச் சொன்னவை வரும். இரண்டையும் தேட வேண்டும். கோலாலம்பூர் பத்து தொகுதியைத் தேடுகிறவர்களுக்கு அடைப்புக்குறி இல்லாவிட்டால் நரகம்தான்: பத்து கவான், பத்து காஜா, பத்து பஹாட், பத்து சாப்பி எல்லாம் சேர்ந்து கொட்டும்.

கோப்புகள் நாடாளுமன்ற இணையத்தளத்தில் பெஞாத்தா ரஸ்மி (அதிகாரபூர்வ அறிக்கை) பகுதியில் தவணை, கூட்டத்தொடர் வாரியாக உள்ளன. மக்களவைக் கோப்பின் பெயர் டி.ஆர். என்ற எழுத்துகள், ஒரு சிறு கோடு, பிறகு நாள், மாதம், ஆண்டு சேர்ந்த எட்டு இலக்கங்கள். தேதி தெரிந்தால் நேரே அந்தக் கோப்புக்கே போய்விடலாம். உங்களுக்குத் தேவையானவை 13ஆவது, 14ஆவது நாடாளுமன்றங்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் இறக்கி வைத்து, பி.டி.எஃப். வாசிப்பானில் கோப்புறை முழுவதையும் தேடச் சொல்லுங்கள். இணையத்தளத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தால் பொங்கலுக்குத் தொடங்கி தீபாவளிக்குத்தான் முடியும்.

இன்னொன்று. 2022 தேர்தலுக்குப் பின் பத்து கவானின் உறுப்பினர் சௌ கொன் இயோவ். 2008 முதல் 2013 வரை பேராசிரியர் இராமசாமி. தேதியைப் பார்க்காமல் வெட்டி ஒட்டினால் ஒருவர் பேச்சு மற்றவர் கணக்கில் ஏறிவிடும்.

தாமான் துன் டாக்டர்:

எண்ணிக்கை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அமைச்சர் பேசும்போது ‘வழிவிடுங்கள்’ என்று எழுந்தாலும் அது ஹன்சார்டில் ஒரு வரி. ஒலிபெருக்கி இல்லாமல் கத்தினாலும் ஒரு வரி. பட்ஜெட் மீதான பத்து நிமிட உரையும் தேடலில் ஒரு கண்டுபிடிப்புதான். இவற்றைக் கூட்டி ‘இத்தனை முறை பேசினார்’ என்று எழுதினால் சத்தம் போட்டவர்தான் முதலிடம் பெறுவார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வாய்மொழிக் கேள்விகள் வரிசை எண்படி அழைக்கப்படுகின்றன; நேரம் முடிந்ததும் மீதி எல்லாவற்றுக்கும் எழுத்தில்தான் பதில். நாற்பதாவது இடத்தில் இருந்த கேள்வி அன்றைய ஹன்சார்டில் பேச்சாக வராது. அதற்குத் தளத்தில் கேள்வி-பதில் பகுதியைத் தனியே பார்க்க வேண்டும். மானியத் தொகை, பள்ளிப் பட்டியல், வேலையில்லாதோர் விவரம் போன்ற உருப்படியான எண்கள் பெரும்பாலும் அந்த எழுத்துப் பதில்களில்தான் கிடக்கின்றன. 2016இல் தொடங்கிய சிறப்பு அவையையும் (காமார் காஸ்) விட்டுவிடாதீர்கள். தொகுதிச் சிக்கல்கள் அதிகம் எழுவது அங்கேதான், பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத இடமும் அதுதான்.

சிம்பாங் அம்பாட் வாசகர்:

மிக்க நன்றி. அடைப்புக்குறித் தேடல் வேலை செய்கிறது. 2021இன் முதல் பாதியில் அவர் பெயர் எங்குமே இல்லையே, ஏன்? பட்ஜெட் சமயத்தில் சில பேச்சுகள் வெறும் எண்களாக இருக்கின்றன: ‘மக்சுட் பி.42, புத்திரான்’ என்று. அவை எதற்கு?

ஹன்சார்ட் புழு:

அந்த அரையாண்டில் அவையே கூடவில்லை. 2021 ஜனவரி 12 முதல் ஆகஸ்ட் 1 வரை அவசரகாலம். அந்த ஆண்டின் முதல் அமர்வே ஜூலை 26இல்தான். 2020 மே 18 அமர்வும் அப்படித்தான், மாமன்னர் உரையோடு கலைந்தது, விவாதம் கிடையாது. இந்த இடைவெளிகளைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உறுப்பினர் வாய்மூடி இருந்ததாக வாசகர் நினைப்பார்.

எண்களுக்கு வருவோம். பட்ஜெட் விவாதம் இரண்டு கட்டம். முதலில் கொள்கைக் கட்டம். அதில் எதையும் தொடலாம், பாலத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை. அடுத்து குழுநிலை, அமைச்சு அமைச்சாக. இங்கே உறுப்பினர் எந்தச் செலவுத் தலைப்பு (மக்சுட்), எந்த உட்பிரிவு (புத்திரான்) என்று சொல்லித்தான் பேச வேண்டும். பி எழுத்தில் தொடங்கும் மக்சுட்டில் இரண்டு வகை: ஆங்கில இரண்டாம் எழுத்து வந்தால் நடைமுறைச் செலவு, பதினாறாம் எழுத்து வந்தால் மேம்பாட்டுச் செலவு. தமிழில் இரண்டுக்கும் ஒரே பி விழுவதால் உங்கள் கட்டுரையில் எந்தச் செலவு என்று சொல்லால் எழுதிவிடுங்கள். 42 சுகாதார அமைச்சு, 6 பிரதமர் துறை. நிதியமைச்சு வெளியிடும் கூட்டரசுச் செலவு மதிப்பீட்டு நூலைப் பக்கத்தில் திறந்து வைத்தால் அந்த உட்பிரிவுக்கு எவ்வளவு ரிங்கிட் என்று தெரியும். என்னைக் கேட்டால் ஓர் உறுப்பினரின் தரம் தெரிவது இந்தக் குழுநிலையில்தான். கொள்கைக் கட்டத்தில் யாரும் நன்றாகப் பேசிவிடலாம்.

பேசிய நாளில் பதிலைத் தேடி ஏமாறாதீர்கள். அமைச்சர்கள் விவாதத்தை முடித்துவைக்கும் உரை பல நாள் தள்ளி வரும். அந்தத் தேதிகளில் ‘யாங் பெர்ஹோர்மாட் பத்து கவான்’ தேடல் கை கொடுக்கும்.

பாயான் லெப்பாஸ் பையன்:

டோலை எடுத்துக்கொண்டால் நல்ல மாதிரி கிடைக்கும். இரண்டாவது பாலம் பத்து மாவுங்கையும் பத்து கவானையும் இணைக்கிறது, 24 கிலோமீட்டர், 2014 மார்ச் 1இல் திறந்தது. மோட்டார் சைக்கிளுக்கு டோல் விலக்கு 2018 நவம்பர் 2இல் தாக்கலான 2019 பட்ஜெட்டில் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆக, 2014 முதல் 2018 அக்டோபர் வரை பாலம், டோல், மோட்டார் சைக்கிள் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். யார் யார் கேட்டார்கள், அரசு என்ன காரணம் சொல்லி மறுத்தது, ஆட்சி மாறியபின் அதே காரணம் எங்கே போனது என்று வரிசைப்படுத்தலாம். ஆனால் ‘இவர் கேட்டார், அதனால் கிடைத்தது’ என்று எழுதிவிடாதீர்கள். பினாங்கில் மட்டும் 13 நாடாளுமன்றத் தொகுதிகள், பாலத்தைப் பற்றிப் பேசாதவர் யார்?

2018 மே மாதத்துக்கு முன் அவர் எதிர்க்கட்சி வரிசை, பிறகு 2020 தொடக்கம் வரை ஆளும் தரப்பின் பின்வரிசை, அதன்பின் மீண்டும் எதிர்க்கட்சி. ஒரே கோரிக்கையின் தொனி மூன்று காலத்திலும் எப்படி மாறியது என்று பார்த்தால் கட்டுரைக்கு அது போதும். நிலவரி, ஊராட்சி மன்றம் போன்றவை மாநில அதிகாரம். அவற்றை மக்களவையில் தேட வேண்டாம், லைட் ஸ்திரீட்டில் கூடும் மாநிலச் சட்டமன்றத்தின் ஹன்சார்ட் தனி.

தாமான் துன் டாக்டர்:

ஒரு சேர்க்கை: இதே முறையில் அமைச்சராக இருந்தவரைத் தேடினால் தவறும். 2018 முதல் 2020 வரை குலசேகரன் ‘மனிதவள அமைச்சர்’ என்ற பதவிப் பெயரில்தான் அச்சாகியிருப்பார், அடைப்புக்குறிக்குள் அவர் தொகுதியான ஈப்போ பாராட் இராது. கஸ்தூரிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மேற்கோள் காட்டும்போது தேதியும் பக்க எண்ணும் கொடுங்கள். முகப்பில் ‘இன்னும் சரிபார்க்கப்படாத பிரதி’ என்று இருந்தால் சரிபார்த்த பிரதி வந்தபின் பக்கத்தை மறுபடி பாருங்கள், நகர்ந்திருக்கலாம். ஓரத்தில் கறுப்புச் சதுரத்தோடு நான்கு இலக்கம் வருகிறதே, அது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போடும் நேரக் குறி. காணொளியில் அந்த நேரத்துக்குத் தாவி, அச்சில் விடுபட்ட சொல்லைக் காதால் கேட்டு உறுதி செய்யலாம்.

ஹன்சார்ட் புழு:

அடுத்த இதழில் பழைய பினாங்குக்குப் போவதாக இருந்தால், பினாங்கின் முன்னாள் முதலமைச்சர் லிம் சோங் இயூ 1964 முதல் 1978 வரை தஞ்சோங் நாடாளுமன்ற உறுப்பினர். தீவின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி பறிபோன 1969 அந்தக் காலத்துக்குள் விழுகிறது. அங்கே தேடல் வேறு மாதிரி: ஆங்கிலமும் மலாயும் கலந்திருக்கும், பக்கத்துக்குப் பதில் நெடுவரிசை எண், 1972க்கு முந்திய மலாய் எழுத்துக்கூட்டல். 1969 மே மாதத்திலிருந்து 1971 பிப்ரவரி வரை நாடாளுமன்றம் முடக்கம், அதனால் எந்தக் கோப்பும் இராது.