பால் திடீரென்று குறைந்துவிட்டது, தீவனமா மடிநோயா?

வணக்கம். என்னிடம் இரண்டு கலப்பின மாடுகள். மூத்தது கன்று ஈன்று நான்கு மாதம். 6, 8 வாரத்தில் உச்சம் தொட்டு அப்புறம் மெல்ல இறங்குவது இயல்புதான். ஆனால் இது இரண்டே வாரத்தில் 10 லிட்டரிலிருந்து 7-க்கு வந்துவிட்டது. கொழுப்பு பரவாயில்லை, எஸ்என்எஃப் (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 8 சதவீதத்தைத் தாண்டவில்லை, அதனால் விலையிலும் அடி. தீவனச் செலவு மட்டும் துளியும் குறையவில்லை!

மடியில் வீக்கமோ சூடோ இல்லை. ஆனால் பின் இடது காம்பில் முதல் பீச்சில் மட்டும் சின்னச் சின்னத் திரிகள். மடிநோயின் ஆரம்பமா? பத்து நாளாகப் பசுந்தீவனம் குறைந்து வைக்கோல்தான் அதிகம், அதுவும் காரணமாக இருக்குமோ?

மருத்துவர் நாளை மறுநாள்தான் வருவார். அதுவரை அந்தக் காம்பைக் கடைசியாகக் கறந்து, பாலைத் தனியே கொட்டுகிறேன். வேறு என்ன செய்யலாம்? தாது உப்பு தினமும் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.